பணத்தை மாதங்களில் எண்ணுங்கள்: சேமிப்பு, ஓய்வுக்காலம், பயணம் மூன்றுக்கும் ஒரே அளவுகோல்

கணக்கு எழுதுவதுதான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று யாராவது ஒரு தாளோடு வந்து உட்காருவார்கள். தாளில் பெரிய பெரிய எண்கள் இருக்கும். "இவ்வளவு சேர்த்திருக்கேன், போதுமா?" என்று கேட்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. மாதம் எவ்வளவு செலவாகிறது என்று திருப்பிக் கேட்பேன். பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் குறைத்தே சொல்வார்கள்.

அதனால் நான் பணத்தைப் பணமாக எண்ணுவதையே விட்டுவிட்டேன். என் நோட்டில் எல்லாமே மாதங்கள்தான். வங்கியில் இருப்பது இத்தனை மாதம், முதலீட்டில் இருப்பது இத்தனை மாதம், அடுத்த பயணத்துக்கு ஆவது ஒன்றேகால் மாதம். ஒரு மாதம் என்றால் என் வீடு ஒரு மாதம் ஓடுவதற்கு ஆகும் செலவு. எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நாணயத்தில் சம்பாதித்தாலும் இந்த அளவுகோல் பொருந்தும். விலைவாசி ஏறினால் அளவுகோலும் தானாக நீளும் என்பதால் பணவீக்கத்துக்குத் தனிக் கணக்கு வேண்டாம். எதிர்காலத்தில் என்ன விலை விற்கும் என்று ஜோசியம் சொல்ல வேண்டிய வேலையும் மிச்சம்.

உங்கள் ஒரு மாதம் எவ்வளவு

இதற்கு ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும். கடந்த 12 மாதத்து வங்கிக் கணக்கு விவரத்தையும் கிரெடிட் கார்டு விவரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போன பணம் அத்தனையையும் கூட்டுங்கள். அதிலிருந்து மூன்றை மட்டும் கழியுங்கள்: முதலீட்டுக்குப் போனது, கடன் தவணைக்குப் போனது, வெளியூர்ப் பயணத்துக்குப் போனது. மிச்சத்தை 12-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஒரு மாதம்.

தவணையைக் கழிப்பது, ஓய்வு பெறுவதற்குள் அது முடிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான். முடியாது என்றால் கழிக்காதீர்கள். பயணத்தை ஏன் தனியாக வைக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

இங்கே எல்லாரும் செய்யும் ஒரு தில்லுமுல்லு உண்டு. "வாஷிங் மெஷின் இந்த வருஷம்தானே வாங்கினோம், அதை எடுத்துடலாமே" என்பார்கள். எடுக்கக் கூடாது. அடுத்த வருஷம் ஃபிரிட்ஜ் போகும், அதற்கு அடுத்த வருஷம் பல் வைத்தியர். ஒரு தடவைச் செலவு என்று நாம் ஒதுக்குகிற செலவு ஒவ்வொரு வருஷமும் வேறு வேஷத்தில் வந்து நிற்கும். காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், உறவுகளுக்குச் செய்யும் முறை எல்லாம் உள்ளே வரட்டும். ரொக்கமாக எடுத்துச் செலவழித்ததும் அப்படித்தான். எங்கே போனது என்று தெரியாவிட்டாலும் போனது போனதுதான்.

இப்போது கையில் உள்ளதை மாதங்களாக மாற்றுங்கள். டெபாசிட், ஃபண்ட், பங்கு எல்லாம் கூட்டி ஒரு மாதச் செலவால் வகுத்தால் வரும் எண். குடியிருக்கும் வீட்டை இதில் சேர்க்காதீர்கள். சொந்த வீடு இருப்பதால் வாடகை இல்லை, அதனால் உங்கள் மாதம் ஏற்கனவே சின்னதாகிவிட்டது. அதே வீட்டைச் சொத்திலும் ஏற்றினால் ஒரே வரவை இரண்டு முறை எழுதியதாகும்.

முதல் ஆறு மாதம்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஆறு மாதச் செலவு, அதோடு ஆறு மாதக் கடன் தவணை, நினைத்த அன்றே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார் என்றாலோ, வருமானம் மாதாமாதம் மாறுகிறது என்றாலோ ஒன்பது, பன்னிரண்டு என்று கூட்டிக்கொள்ளுங்கள். வட்டி குறைவாக வருகிறதே என்று இதைப் பங்குச் சந்தைக்கு நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை போவதும் சந்தை விழுவதும் பெரும்பாலும் ஒரே பருவத்தில்தான் நடக்கும்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை அடையுங்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பது தோராயமாகத் தெரியும். 24 சதவீத வட்டியில் பாக்கி 3 ஆண்டில் இரண்டு மடங்கு. 1494-ல் லூகா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி அச்சிட்ட கணிதப் புத்தகத்திலேயே இந்த 72 கணக்கு இருக்கிறது. பற்று, வரவு என்று இரட்டைப் பதிவில் கணக்கு எழுதும் முறையை அச்சில் கொண்டுவந்ததும் அதே புத்தகம்தான். என் பிழைப்புக்கு மூலவர் என்பதால் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓய்வுக்கு 300 மாதம்

இந்த எண் நான் கண்டுபிடித்ததில்லை. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கேள்வி கேட்டார்: ஓய்வு பெறும்போது இருக்கும் தொகையில் முதல் வருஷம் எத்தனை சதவீதம் எடுத்து, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போனால், 30 ஆண்டுக்குப் பணம் தீராமல் இருக்கும்? அமெரிக்காவின் பங்கு, கடன் பத்திர வரலாற்றை எடுத்துப் பார்த்தார். மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் சுமார் 4 சதவீதம் தாங்கியது. அந்த மோசமான காலம் 1960-களின் பிற்பகுதி. 1973-74 சரிவும் எழுபதுகளின் விலையேற்றமும் சேர்ந்து தாக்கிய தலைமுறை அது.

வருஷத்துக்கு 4 சதவீதம் என்றால் ஒரு வருஷச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும். 25 வருஷத்தை 12-ஆல் பெருக்கினால் 300 மாதம்.

இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு நாட்டின் வரலாறு, 30 ஆண்டுக் கணக்கு. 45 வயதில் ஓய்வு பெற நினைப்பவருக்கு 30 ஆண்டு போதாது. நான் அப்படிப்பட்டவர்களுக்கு 3.5 சதவீதம் போடச் சொல்வேன். அது 343 மாதம். 3 சதவீதம் என்றால் 400. எந்த எண்ணைப் பிடித்தாலும், ஒரு திசை தெரிந்துவிடும். 40 மாதம் வைத்திருப்பவரும் 260 மாதம் வைத்திருப்பவரும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று உடனே சொல்லிவிடலாம்.

ஓய்வூதியமோ வாடகை வருமானமோ வரும் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவில் 40 சதவீதத்தை ஓய்வூதியம் தாங்கினால் மீதி 60 சதவீதத்துக்குத்தான் நீங்கள் சேர்க்க வேண்டும்: 180 மாதம். ஆனால் அந்த ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறுமா என்று கேளுங்கள். ஏறாது என்றால், 6 சதவீத விலையேற்றத்தில் அதன் மதிப்பு 12 ஆண்டில் பாதியாகிவிடும். அப்படிப்பட்ட ஓய்வூதியத்தை நான் பாதிக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று. தம்பதியில் ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகும் என்று நினைக்காதீர்கள். வாடகை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும். கணக்கு நோட்டு எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பணம் இருந்தும் எதில் இருக்கிறது என்று தெரியாமல் தவித்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எத்தனை வருஷம் ஆகும்

என் அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அத்தை, எந்த ஃபண்டுல போடணும்?" என்றுதான் வந்தாள். எதில் போடுவது என்பது இரண்டாவது கேள்வி, எவ்வளவு போடுவது என்பதே முதல் கேள்வி என்று அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது.

கைக்கு வரும் சம்பளத்தில் 20 சதவீதம் சேமிக்கிறாய் என்று வைத்துக்கொள். 80 செலவு, 20 சேமிப்பு. அதாவது ஒவ்வொரு மாதமும் கால் மாதத்தை எடுத்து வைக்கிறாய். வருஷத்துக்கு 3 மாதம். விலைவாசி போக முதலீடு 4 சதவீதம் வளர்ந்தால் 300 மாதத்தைத் தொட 41 ஆண்டு ஆகும். மூன்றில் ஒரு பங்கு சேமித்தால் வருஷத்துக்கு 6 மாதம் சேரும், 28 ஆண்டு. பாதியைச் சேமித்தால் வருஷத்துக்கு 12 மாதம். 18 ஆண்டுக்குள் முடிந்துவிடும். வெறும் 10 சதவீதம் என்றால் 59 ஆண்டு, அதைப் பேசிப் பயனில்லை.

இப்போது வளர்ச்சியை 4-லிருந்து 3 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். 20 சதவீதம் சேமிப்பவருக்கு 41 ஆண்டு 47 ஆகிவிடுகிறது. பாதியைச் சேமிப்பவருக்கோ 18 என்பது 19 ஆகிறது, அவ்வளவுதான். அதிகம் சேமிப்பவருக்குச் சந்தையின் தயவு குறைவாகவே தேவைப்படுகிறது. செலவைக் குறைத்தால் இரண்டு பக்கமும் லாபம்: சேமிப்பு கூடுகிறது, அளவுகோல் சிறுத்து இலக்கும் கிட்டே வருகிறது. அதற்காக வயிற்றைக் கட்டச் சொல்லவில்லை. சம்பளம் ஏறும்போது ஏறியதில் பாதியையாவது செலவுக்கு விடாமல் பிடித்துவைப்பதுதான் வலி தெரியாத வழி.

எதில் போடுவது

மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் டெபாசிட்டில். பத்து வருஷத்துக்கு மேல் தொடாத பணத்தில் பெரும்பகுதி பங்குகளில். நடுவில் உள்ளது கலந்து. நான் யாருக்கும் தனிப் பங்கு சொல்வதில்லை. செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் போதும் என்பேன்.

சந்தைக் குறியீடு என்பது, தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் பங்கு விலைகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவது. இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால், அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் ஃபண்ட். ஜான் போகிள் 1976-ல் வான்கார்டு நிறுவனத்தில் இதைச் சாதாரண முதலீட்டாளர்களுக்காகத் தொடங்கினார். 15 கோடி டாலர் திரட்ட நினைத்த இடத்தில் வந்தது 1.13 கோடி டாலர்தான். அன்று சிரித்தவர்களின் நிறுவனங்கள் இன்று தாங்களே இண்டெக்ஸ் ஃபண்ட் விற்கின்றன.

கட்டணத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: 100-ஐ 30 ஆண்டு 7 சதவீதத்தில் விட்டால் 761 ஆகும். 1 சதவீதம் கட்டணமாகப் போய் 6 சதவீதம் நின்றால் 574. ஒரே ஒரு சதவீதம் கடைசித் தொகையில் கிட்டத்தட்ட கால்வாசியைத் தின்றுவிடுகிறது. ஃபண்டின் விவரத் தாளில் மொத்தச் செலவு விகிதம் என்று ஒரு வரி இருக்கும். கடந்த வருஷம் எவ்வளவு லாபம் கொடுத்தது என்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.

லண்டன் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த டிம்சன், மார்ஷ், ஸ்டான்டன் மூவரும் 1900 முதல் பல நாட்டுச் சந்தைகளைத் தொகுத்திருக்கிறார்கள். உலகப் பங்குகள் மொத்தமாக, விலைவாசி போக, ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் கொடுத்திருக்கின்றன. பங்கோடு டெபாசிட்டும் கலந்தால் 4 என்பதே கொஞ்சம் தைரியமான எண். விளம்பரத்தில் யாராவது 15 சதவீதம் என்றால், அது விலைவாசி கழித்ததா, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

"முழுக்க நம்ம நாட்டுப் பங்குலயே இருக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டுவேன். நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915-ல் முடிந்தது. அந்த உச்சத்தைத் தாண்டி முடிந்தது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டு. இடையில் வந்த டிவிடெண்டையும் (நிறுவனம் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம்), மாதாமாதம் கீழ் விலையில் வாங்கியவர்களின் நிலையையும் பார்த்தால் கதை இவ்வளவு கொடுமையில்லை. ஆனால் 1989-ல் ஓய்வு பெற்று மொத்தத்தையும் அதிலேயே வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். பல நாட்டுப் பங்குகளையும் தொடும் ஃபண்ட் ஒன்று கையில் இருக்கட்டும்.

பயணத்தை எப்படிக் கணக்கிடுவது

இங்கேதான் எனக்கும் மற்ற சேமிப்புப் பிரசங்கிகளுக்கும் சண்டை. பயணத்தை அவர்கள் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். நான் அதற்கென்று ஒரு பக்கமே வைத்திருக்கிறேன்.

எந்தப் பயணத்துக்கும் இரண்டு பகுதி உண்டு. போக வர ஆகும் கட்டணம், விசா, காப்பீடு எல்லாம் எத்தனை நாள் தங்கினாலும் ஏறக்குறைய மாறாது. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணம் எல்லாம் நாளுக்கு நாள் ஏறும். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். உதாரணத்துக்கு, மாறாத பகுதி 0.7 மாதம், ஒரு நாளைக்கு 0.05 மாதம் என்று வைப்போம். 7 நாள் போனால் 1.05 மாதம், நாளுக்கு 0.15. 14 நாள் போனால் 1.4 மாதம், நாளுக்கு 0.1. நாள் இரட்டிக்கிறது, செலவு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. வருஷத்துக்கு இரண்டு குட்டிப் பயணத்தைவிட ஒரு நீண்ட பயணம் மலிவு என்பது இதனால்தான். பக்கத்து ஊருக்கு இது பொருந்தாது. அங்கே மாறாத பகுதியே சொற்பம்.

ஊரில் இல்லாத நாளில் வீட்டுச் செலவு கொஞ்சம் நின்றுபோவதையும் எழுதுங்கள். மளிகை, எரிபொருள், மின்சாரம் எல்லாம் சேர்ந்து மாதச் செலவில் 40 சதவீதம் என்றால், 14 நாளில் கிட்டத்தட்ட 0.2 மாதம் மிச்சம். 1.4 என்பது உண்மையில் 1.2 தான். இதை எழுத மறப்பவர்கள், விமான நிலையத்துக்குப் போக வரும் டாக்சி, கூடுதல் பெட்டிக்கான கட்டணம், பயணத்துக்கென்று வாங்கிய காலணி இதையெல்லாமும் எழுத மறப்பார்கள். எல்லாம் கூட்டி மேலே 10 முதல் 15 சதவீதம் கைக்காவல் வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். பல நாடுகள் அதைக் கேட்கும், அவசரமாகப் புதுப்பித்தால் அதுவும் செலவு.

வெளிநாட்டில் பணம் கசியும் இடங்கள் சில உண்டு. கடையில் கார்டு தேய்த்தால் இயந்திரம், உங்கள் ஊர் நாணயத்திலா, இந்த ஊர் நாணயத்திலா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊர் நாணயத்தை அமுக்குங்கள். நம் நாணயத்தில் காட்டினால் புரிகிறதே என்று ஆசைப்பட்டால், மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர் வைப்பார், அதில் அவருடைய லாபமும் இருக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் இருந்தால், தினம் கொஞ்சம் எடுப்பதைவிட ஒரே தடவை எடுப்பது லாபம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள். பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். கிளம்பும் முன் உங்கள் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கார்டு 3.5 சதவீதம் வாங்கும், இன்னொன்று எதுவும் வாங்காது. இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு பையில்.

பயணப் பணம் டெபாசிட்டில்தான் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 1.2 மாதம் என்றால் மாதாமாதம் 0.1 மாதம் தானாக ஒதுங்கும்படி செய்துவிடுங்கள். சேர்ந்த பிறகு போங்கள். தவணையில் போய்வந்து, புகைப்படம் பழசான பிறகும் கட்டிக்கொண்டிருப்பதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

அண்ணன் மகள் இந்த இடத்தில் மடக்கினாள். "அறுபது வயசுல போய் மலை ஏற முடியுமா அத்தை? இப்பவே போகக் கூடாதா?" போகலாம். விலையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 30 வயதில் ஒரு மாதத்தைச் செலவழிக்காமல் 4 சதவீதத்தில் விட்டால் 60 வயதில் 3.2 மாதம் ஆகியிருக்கும். அந்த மலையின் விலை, ஓய்வுக்காலத்தில் மூன்று மாதத்துச் சொச்சம். எனக்கு அது நியாயமான விலையாகத்தான் படுகிறது. முட்டி நல்லபடி இருக்கும்போதுதான் மலை. ஆனால் ஒரு தடவைப் பயணமும் வருஷா வருஷம் போகும் பழக்கமும் வேறு வேறு. பழக்கமாகிவிட்டால் அது உங்கள் வாழ்க்கைச் செலவு. ஆயுள் முழுக்க வேண்டும் என்றால், வருஷா வருஷம் ஒரு மாதச் செலவு பிடிக்கும் பயணத்துக்கு 25 மாதம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு பயணம்

உண்மையில் 25 மாதம் தேவைப்படாது. ஆயுள் முழுக்க யாரும் பயணம் போவதில்லை. அமெரிக்க ஓய்வூதியர்களின் செலவை டேவிட் பிளான்செட் 2014-ல் ஆராய்ந்தபோது, விலைவாசி கழித்த செலவு வயது ஏற ஏறக் குறைந்து, கடைசிக் காலத்தில் மருத்துவத்தால் மீண்டும் ஏறுவதைக் காட்டினார். எங்களைச் சுற்றி நாங்கள் பார்ப்பதும் அதுதான். எழுபத்தைந்தைத் தாண்டினால் விமான நிலைய வரிசையே போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஆகவே பயணத்தை 300-க்குள் கலக்காமல், நடமாட முடிகிற வருஷங்களுக்கு மட்டும் தனிக் குடமாக வையுங்கள். வருஷத்துக்கு ஒன்றரை மாதம், 15 வருஷம் என்றால் 22.5 மாதம். அந்தக் குடத்தை முதல் சில வருஷங்களில் தாராளமாகவே இறக்கலாம். தூரமான, கடினமான இடங்கள் முதலில். பக்கத்து ஊர்கள் பிறகு. வயது கூடக் கூடப் பயணக் காப்பீட்டின் பிரீமியமும் ஏறும், ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் பணம் தர மாட்டோம் என்ற நிபந்தனையும் கூடவே வரும். அந்த நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஓய்வு பெற்றவருக்கு ஒரு பெரிய சலுகை, தேதி அவர் கையில். பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம் அதே அறை, அதே இருக்கை எல்லாம் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் இதற்காகவே அந்த வாரத்தைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பார்.

சந்தை விழுந்தால்

ஓய்வு பெற்ற முதல் ஐந்தாறு வருஷங்களில் வரும் சரிவுதான் ஆபத்தானது. 300 மாதத்தோடு தொடங்கி, 12 எடுத்ததும் 288. அந்த வருஷமே 30 சதவீதம் விழுந்தால் 201.6 மாதம். அடுத்த வருஷம் எடுக்கும் அதே 12, இப்போது ஏறக்குறைய 6 சதவீதம். இறங்கிய விலைக்கு விற்று விற்றுச் சாப்பிட்டால், பின்னால் சந்தை ஏறும்போது ஏறுவதற்குக் கையில் பங்கு இருக்காது. இப்படி விழுவது கற்பனையில்லை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் சுமார் 57 சதவீதம் இறங்கியது, பழைய மட்டத்துக்குத் திரும்ப 2013 ஆனது.

இதற்கு இரண்டு காப்பு வைத்திருக்கிறோம். ஒன்று, 36 மாதச் செலவு எப்போதும் டெபாசிட்டில். சந்தை நன்றாக இருக்கும் வருஷத்தில் பங்கிலிருந்து விற்று அதை நிரப்புவோம். விழுந்த வருஷத்தில் விற்காமல் டெபாசிட்டிலிருந்தே சாப்பிடுவோம். இரண்டாவது, பயணம். வீட்டுச் செலவை 10 சதவீதம் குறை என்றால் அது மருந்திலும் சாப்பாட்டிலும் வந்து நிற்கும். ஆனால் வருஷத்துக்கு 12 மாதம் வீட்டுக்கும் ஒன்றரை மாதம் பயணத்துக்கும் செலவழிக்கும் குடும்பம், ஒரு வருஷம் நீண்ட பயணத்தை விட்டாலே மொத்தச் செலவில் 11 சதவீதம் குறைந்துவிடுகிறது. வாழ்க்கைத் தரத்தில் ஒரு கீறல் விழாது. ஓய்வுக்காலத் திட்டத்தில் பயணத்துக்குப் பெரிய இடம் கொடுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். நிறுத்தக்கூடிய செலவு எதுவுமே இல்லாத சிக்கன வாழ்க்கைதான் சரிவில் முதலில் திணறுகிறது.

இதைச் சரிவு வந்த பிறகு உட்கார்ந்து பேச முடியாது, சண்டைதான் வரும். முன்கூட்டியே எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் எழுதியிருப்பது: முதலீடு அதன் உச்சத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், ஏற்கனவே டிக்கெட் எடுத்த பயணம் நடக்கும், புதிது எடுப்பதில்லை. அந்த வருஷத்துப் பயணப் பணம் வீட்டுச் செலவுக்குப் போகும். மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய ஊர்களுக்குத் தடை இல்லை. முதலீடு மீண்டு, டெபாசிட் மறுபடி 36 மாதத்தைத் தொட்டதும், தள்ளிப்போன பயணம்தான் முதலில். எந்த ஊர் என்பதை மட்டும் எழுதவில்லை. அதில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.